அமாவாசையைத் திரும்பக் கூப்பிடுகிறவள்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. என் மனைவி அனுசியாவின் அக்கா மகள் பானுப்பிரியா போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தபோது, சாப்பிட்டுக்கொண்டே சொன்ன ஒரு சண்டையிலிருந்து இதை எடுத்தேன். எடுத்தேன் என்பதே கொஞ்சம் கௌரவமான சொல். அவள் சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே நான் மனதுக்குள் முதல் வரியை எழுதத் தொடங்கிவிட்டேன். "என்ன சித்தப்பா, நான் பேசுறது கேக்குதா இல்லயா? மூஞ்சி எங்கயோ போயிருச்சு?" என்றாள். கேட்கிறது என்று பொய் சொன்னேன்.

சண்டை நடந்தது கைபேசியில். வேங்கைக்கோட்டை என்று ஒரு விளையாட்டு. எனக்கு அது ஆடத் தெரியாது. போடியில் இருசக்கர வாகன உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். மத்தியானம் கூட்டம் குறைந்தால் கல்லாவில் உட்கார்ந்து கதை எழுதுவேன். இதுவரை என் கதைகளில் யாரும் யாரையும் அடித்ததில்லை. பெருமூச்சு விடுவார்கள், ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பார்கள், கதை முடிந்துவிடும். முதன்முறையாக ஒரு சண்டை கையில் கிடைத்திருக்கிறது. லேசில் விடுவதாக இல்லை.

2

முதல் தொடக்கம்:

"மலைச் சரிவில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஏலத் தோட்டத்தின் ஈர மணத்துக்கு நடுவே ஓர் ஏழைப் பெண் தன் உடைந்த கைபேசியில்—"

இதை வாட்ஸ்அப்பில் பானுவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் குரல் பதிவு வந்தது.

"சித்தப்பா, யாரு ஏழப் பொண்ணு? நான் ஏலக்கா ஸ்டோர்ல மெசினு பாக்குறேன், மாசம் பொறந்தா சம்பளம் வாங்குறேன். போனு போன தீவாளிக்கு எடுத்தது, ஒரு கீறல் கெடையாது. என்னயப் பாவமா எழுதுறதா இருந்தா எழுதவே வேணாம். கடையில சோலி இருந்தா அதப் பாருங்க."

இரண்டாம் தொடக்கம்:

"பானுப்பிரியா தோற்றுவிடுவாள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஊரே—"

(ஊரே என்றால் யார்? சண்டையைப் பற்றித் தெரிந்தவர்கள் மொத்தமே மூன்று பேர். அதில் ஒருத்தி பானு. அவளுக்கு அப்படி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. அடித்துவிட்டேன்.)

மூன்றாவது தொடக்கம் வேண்டாம். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

3

வேங்கைக்கோட்டையில் நீங்கள் வாள்வீரர் ஆகலாம், மந்திரவாதி ஆகலாம், காயம் ஆற்றும் வைத்தியர் ஆகலாம். வேட்டுவரும் ஆகலாம். ஆடுகிறவர்கள் ஹன்டர் என்றுதான் சொல்கிறார்கள். நான் வேட்டுவச்சி என்று எழுதியதைப் பார்த்து பானு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கட்டும். கதை என்னுடையது. (இல்லை என்று மேலேயே சொல்லிவிட்டேன். ஆனாலும்.)

வேட்டுவச்சிக்கு ஒரு வில்லும் ஒரு மிருகமும் உண்டு. மிருகம் முன்னால் ஓடி எதிரியை மறித்துக்கொள்ளும். அவள் தூரத்தில் நின்று அம்பு விடுவாள். எதிரி பக்கத்தில் வந்துவிட்டால் தீர்ந்தது, கைக்கெட்டும் தூரத்தில் வில் எதற்கும் உதவாது. ஆகவே தள்ளி நில், எப்போதும் தள்ளியே நில் என்பது அந்த வகைக்குப் பாலபாடம்.

விளையாட்டு தானாக உண்டாக்கும் பூதங்களோடு மோதும்போது வேட்டுவச்சியைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள். ஆளோடு ஆள் மோதும் போட்டியில் மதிப்பு சரிந்துவிடும். எதிரில் இருப்பதும் மனித மூளை அல்லவா? அது மிருகத்தைச் சட்டை செய்யாமல் நேரே வில்லைத் தேடி வரும். நாயை ஏவிவிட்டு ஒளிந்துகொள்கிறவள் என்ற கேலி வேறு.

பானு இரண்டு வருடமாக வேட்டுவச்சி. அவளுடைய மிருகம் கறுத்த காட்டு நாய். குட்டியாகப் பிடித்து வளர்த்தது. பெயர் அமாவாசை.*

* சிலமலையில் எங்களுக்கு அந்தப் பெயரில் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். இந்தக் கதையை அவர் கண்ணில் காட்டப் போவதில்லை.

4

அடுத்து மனோஜ். இந்த ஆள்தான் எனக்குப் பெரிய தலைவலி.

பானு தினமும் காலையில் போடியிலிருந்து ஜீப்பில் மலையேறி, பூப்பாறைப் பக்கம் ஓர் ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறாள். பறித்த பச்சைக் காயை உலர்த்துகிற கூடத்தை ஸ்டோர் என்பார்கள். அங்கே உலர்த்தும் இயந்திரம் அவள் பொறுப்பு. மனோஜ் அந்த ஜீப்பின் ஓட்டுநர். ஆட்டத்தில் வாள்வீரன், அவர்களுடைய மூன்று பேர் அணிக்குத் தலைவன். மூன்றாவது ஆள் ஸ்டோரில் வேலை பார்க்கும் தங்கபாண்டி. ஆட்டத்தில் அவர் வைத்தியர். தென்மாவட்ட அணிகள் எல்லாம் மோதும் பெரிய போட்டி ஒன்று வரப் போகிறது. மூன்று பேரும் அதற்குப் பெயர் கொடுக்க வேண்டும்.

முதல் பிரதியில் மனோஜை வில்லனாக்கி, "மீசையை முறுக்கியபடி இளக்காரமாகச் சிரித்தான்" என்று எழுதியிருந்தேன். "மனோஜ் அண்ணனுக்கு மீசையே கெடையாது சித்தப்பா" என்று பதில் வந்தது. "அவரு சிரிக்கவும் இல்ல. நல்ல மனுசன். அதுதேன் எனக்குக் கோவமே."

நடந்தது இதுதான். சாயங்காலம் ஜீப் போடிமெட்டிலிருந்து வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. முன்னிருக்கையில் பானு. ஒரு வளைவில் வண்டியைத் திருப்பிக்கொண்டே மனோஜ் சொன்னான்:

"ஆத்தா பானு, தப்பா எடுத்துக்காத. நீ நல்லாத்தேன் அம்பு விடுற. ஆனா நாய்க்கு உசுரு கொறஞ்சா ஒடனே விசிலடிச்சுக் கூப்பிட்டுக்கிற. அது செத்தா ஒரு நிமிசத்துல எந்திரிச்சு வரப் போகுது. அது சாகுற நேரத்துல ரெண்டு அம்பு கூட விட்டா ஆட்டம் முடிஞ்சிரும். நீ நாயத் தேத்திக்கிட்டு நிக்கிற, அதுக்குள்ள அங்க நான் சாகுறேன். பெரிய போட்டிக்கு இது ஆகாது. வாளெடு, ஒனக்கு நான் சொல்லித் தர்றேன். இல்லன்னா வேற ஆளத்தேன் பாக்கணும்."

இதில் எங்கே தப்பு இருக்கிறது? நானும் தேடிப் பார்த்துவிட்டேன். சொன்னது அத்தனையும் சரி. வில்லனாக நினைத்தவன் நியாயம் பேசினால் கதை எழுதுகிறவன் எங்கே போய் முட்டிக்கொள்வது?

இன்னொரு விதியையும் சொல்ல வேண்டும். வேட்டுவச்சி வாளெடுத்தால் அவளுடைய மிருகம் காட்டுக்குப் போய்விடும். பிறகு வராது. ஒரு நிமிடத்தில் எழுந்து வருவதெல்லாம் கிடையாது. அத்தோடு போனதுதான்.

 அடுத்த வளைவு திரும்பியதும் பானு சொன்னாள்: "நாளைக்கு மத்தியானம் எங்கூட மோதுங்கண்ணே. மூணு ஆட்டம். ரெண்டு நான் செயிச்சா, ஹன்டராவே டீமுல இருப்பேன். தோத்தா அமாவாசைய அனுப்பி விட்டுட்டு வாளெடுக்கிறேன். அதுக்கப்புறம் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

"சரி" என்றான் மனோஜ். 

5

ஏன் கூப்பிடுகிறாள்?

(இங்கே ஒரு சோகக் காட்சி வைத்திருந்தேன். சின்ன வயதில் பானு வளர்த்த ஒரு நாய், மழை, லாரி. அவளிடம் கேட்காமலே எடுத்துவிட்டேன். அப்படி ஒரு நாய் இல்லவே இல்லை.)

பானு பிறந்தது தேவாரம். அவள் அப்பா சோலைமலைக்கு மலையடியில் மக்காச்சோளக் காடு. கதிர் பால் பிடித்தால் மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்கும். காவலுக்கு ஆள் போகும்போது நாயும் போகும். நாய் விரட்டும், ஆனால் பன்றியோடு மோதிச் சாக விடமாட்டார்கள். பன்றி திரும்பி நின்று கோரைப்பல்லைக் காட்டினால் உடனே ஒரு சீட்டி. ஏவிவிட்டவர்தான் திரும்பவும் கூப்பிட வேண்டும். அந்தப் பக்கத்தில் நாயை ஏவுவது என்ற வேலையில் பாதி, கூப்பிடுவது. கூப்பிடத் தெரியாதவர் கையில் நாயைக் கொடுக்கவே மாட்டார்கள்.

"செத்தா திரும்ப வரும்னு எனக்குத் தெரியும் சித்தப்பா. நான் என்ன லூசா? வெறும் படந்தேன், அதுவும் தெரியும். ஆனா கை கேக்க மாட்டேங்குது. உசுருக் கோடு சிவப்புக்கு வந்துருச்சுன்னா வெரலு தானா போயி விசில அமுக்கிருது."

ஆட்டத்தில் பழகிய ஒருவரும் இந்தத் தவறைச் செய்ய மாட்டார்கள். தேவாரத்துக்காரி செய்வாள்.

6

மறுநாள் மத்தியானம். தோட்டத்துக்கு வெளியே, சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற வளைவில் ஜீப் நிற்கிறது. ஓட்டுநர் இருக்கையில் மனோஜ், பின்னால் பானு. ஒருவர் திரையை இன்னொருவர் பார்க்கக் கூடாது. தங்கபாண்டி தூக்குச்சட்டியோடு பின்பக்கம் நின்று, நடுவராக இருப்பதாகச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், ஆட்டத்தின் பதிவை பானு அனுப்பினாள். ஜீப்பில் நடந்ததை மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டேன்.

முதல் ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டது. ஆட்டக்களம் இடிந்த கோட்டை, எங்கு பார்த்தாலும் சுவர்கள். பானு ஒரு சுவருக்குப் பின்னால் மறைந்து அமாவாசையை ஏவினாள். மனோஜ் நாயை வெட்டினான். உயிர் சிவப்புக்கு வந்தது. அவள் விரல் தானாகப் போய் விசிலை அமுக்கியது. அமாவாசை அவளை நோக்கி ஓடியது. பின்னாலேயே மனோஜும் ஓடினான். நாய் காலடிக்கு வந்து நின்றபோது வாளும் வந்து நின்றது.

மனோஜ் இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தான். "பாத்தியா? நீ எங்க ஒளிஞ்சாலும் நான் தேடவே வேணாம். ஒன் நாய் பின்னாடி வந்தாப் போதும். அதுவே என்னயக் கொண்டாந்து ஒங்கிட்ட விட்டுருது."

பானு சிரித்துவிட்டாள்.

தோற்றவள் ஏன் சிரிக்கிறாள் என்று மனோஜுக்குப் புரியவில்லை. அவன் போடிக்காரன்.

7

தேவாரத்தில் பன்றிக்கு நாயைக் கொண்டு போவார்கள். யானை இறங்கியிருக்கிறது என்று தெரிந்தால் நாயைக் கட்டிப் போட்டுவிட்டுத்தான் போவார்கள். கூட்டிப் போனால் நாய் சும்மா இருக்காது, யானையைப் பார்த்துக் குரைக்கும். யானை விரட்டும். விரட்டினால் நாய் எங்கே ஓடும்? வளர்த்தவரிடம்தான். யானையும் கூடவே வந்து சேரும்.

"மனோஜ் அண்ணன் சொன்னப்ப எனக்கு அதுதேன் நெனப்பு வந்துச்சு. அடடா, நான் இத்தன நாளா யானையக் கைதட்டி வீட்டுக்குக் கூப்பிட்டுருக்கேன்னு."

இன்னொருத்தியாக இருந்தால் இந்த இடத்தில் விசிலடிப்பதை நிறுத்தியிருப்பாள். பானு நிறுத்தவில்லை. எங்கே நின்று விசிலடிக்க வேண்டும் என்று யோசித்தாள்.

வேட்டுவச்சிக்குக் குழிப்பொறி என்று ஒன்று உண்டு. தரையில் வைத்துவிட்டால் எதிரி காலை வைத்ததும் உள்ளே விழுவான். அவளுடைய மிருகத்தை அது ஒன்றும் செய்யாது. ஆளோடு ஆள் மோதுகிற ஆட்டத்தில் யாரும் அதைச் சீந்துவதில்லை, ஏனென்றால் நீங்கள் பொறி வைத்த இடத்துக்கு எதிரி ஏன் வரப் போகிறான்?

இரண்டாம் ஆட்டத்தில் பானு இரண்டு சுவர்களுக்கு நடுவே இருந்த சந்தில் பொறியை வைத்தாள். சந்தின் மறுமுனையில் போய் நின்றுகொண்டாள். அமாவாசையை அனுப்பினாள். வெட்டு விழுந்தது. விசிலடித்தாள். நாய் பொறி மேலேயே தாவி ஓடி வந்தது. பின்னால் வந்த மனோஜ் இடுப்பளவு பள்ளத்தில் நின்றுகொண்டு, வருகிற அம்புகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டான்.



"மதி மனோஜு, மதி" என்றார் தங்கபாண்டி. (போதும் என்கிறார். மேலே கேரளப் பக்கத்தில் பல வருடம் வேலை பார்த்தவர்கள் வாயில் மலையாளம் கலந்துவிடும்.) "சோறு ஆறிப்போச்சு. எறங்கி வந்து சாப்புடு. ஆளுக்கொண்ணுன்னு விட்டுருங்க."

"இல்லண்ணே" என்றாள் பானு. "மூணுன்னு பேசியாச்சு."

"ஆமா. மூணு" என்றான் மனோஜ்.

8

மூன்றாம் ஆட்டத்துக்கு முன்னால் கொஞ்சம் தத்துவம் பேசிக்கொள்கிறேன். என் வயதுக்கு அதற்கு உரிமை உண்டு.

கதை எழுதுகிறவனும் வேட்டுவச்சி மாதிரிதான். தான் பாதுகாப்பாகக் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, ஒரு பாத்திரத்தை முன்னால் ஏவுகிறான். அடிபடுவது அது. செத்தால் அடுத்த பிரதியில் எழுப்பிக்கொள்ளலாம். ஆகவே சாக விடுவது சுலபம், சாக விட்டால் வாசகர் கண்ணில் தண்ணீர் வரும், பத்திரிகைக்காரர் பாராட்டிக் கடிதம் போடுவார். மனோஜ் சொன்ன அதே கணக்கு. அது சாகுற நேரத்துல ரெண்டு அம்பு—

இதை பானுவுக்கு அனுப்பினேன்.

"சித்தப்பா, ஒங்க கதைய அப்புறம் பேசுங்க. நான் அங்க ஜீப்புல ஒக்காந்துருக்கேன். ஆட்டத்துக்கு வாங்க, வெரசா."

வந்துவிட்டேன்.

9

மூன்றாம் ஆட்டம் நீண்டது.

மனோஜ் பாடம் கற்றுக்கொண்டிருந்தான். விசில் கேட்டதும் பின்தொடரவில்லை, நின்ற இடத்திலேயே நின்றான். அதனால் அமாவாசைக்கு உயிர் தேறியது, பானுவுக்குக் குறி கிடைத்தது. அவன் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு சுவர் சுவராக நெருங்கினான். அவள் சுவர் சுவராகப் பின்வாங்கினாள். பதிவை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.  கடைசியில் இரண்டு பேருக்குமே உயிர் கொஞ்சம்தான் பாக்கி.

வாள்வீரனிடம் ஒரு சங்கிலி உண்டு. வீசினால் யார் மேல் விழுகிறதோ அவர் நகர முடியாது. யாராக இருந்தாலும் அதை வேட்டுவச்சிக்காகத்தான் வைத்திருப்பார்கள். மனோஜ் அதை அமாவாசை மேல் வீசினான். நாயை விட்டுவிட்டு அவளால் அம்பு விட முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

பானு விசிலடித்தாள். நாய் வரவில்லை. திரும்பவும் அடித்தாள். தலையை மட்டும் அவள் பக்கம் திருப்பியது.

மனோஜ் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாய் மேல் வாளை ஓங்கினான். பானுவிடம் பெரிய அம்பு ஒன்று இருந்தது. அசையாமல் நின்று குறிவைத்து விட வேண்டிய அம்பு. நேரமும் இருந்தது. நாய் சாகும், மனோஜ் விழுவான், ஆட்டம் அவளுக்கு.

பதிவை இங்கே நிறுத்துகிறேன். முடிவுகள் கைவசம் சில இருக்கின்றன.

(அ) அம்பை விடுகிறாள். மனோஜ் விழுகிறான். ஒரு நிமிடம் கழித்து அமாவாசை வாலை ஆட்டிக்கொண்டு எழுகிறது. பானு அணியில் இருக்கிறாள், எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் இது பிடித்திருந்தது. பானு சொன்னாள்: "செயிச்சிருப்பேன் சித்தப்பா. ஆனா மனோஜ் அண்ணன் சொன்ன ஆட்டத்த ஆடிச் செயிச்சிருப்பேன். அவரு சொன்னதுதேன் சரின்னு நானே நிரூபிச்சுக் குடுத்துட்டு, அப்புறம் எந்த மூஞ்சியோட விசிலடிக்கிறது?"

(ஆ) போடிமெட்டிலிருந்து மேகம் ஏறி வந்தது. சிக்னல் மெல்ல மெல்ல—

(இதை எழுதி முடித்தால் கடைக்கே வந்து அடிப்பாள்.)

(இ) அந்தக் கறுத்த நாயின் கண்களைப் பார்த்த மனோஜின் நெஞ்சு இளகியது. வாளைத் தாழ்த்தினான். இதற்கு மனோஜே அழைத்துப் பேசினான். "அண்ணே, நான் எதுக்கு எறக்கணும்? போட்டின்னா போட்டிதேன். நான் எறக்கியிருந்தா பானு எங்கிட்ட மொகங்குடுத்துப் பேசியிருக்காது." இவனைப் போய் வில்லனாக்கப் பார்த்தேனே.

10

உண்மையில் நடந்ததைச் சொல்கிறேன். பானு அம்பை விடவில்லை. வில்லைத் தாழ்த்திவிட்டுச் சுவரை விட்டு வெளியே வந்து, நாயை நோக்கி நடந்தாள். எந்த வேட்டுவச்சியும் நடக்காத பக்கம். பக்கத்தில் போய்த் தொட்டால் சங்கிலி அறும் என்று ஒரு விதி உண்டாம். வாளுக்கு எட்டுகிற தூரத்துக்குள் போய் அதைச் செய்து பார்த்தவர்கள் இல்லை. பின்னால் நின்று இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த தங்கபாண்டி, "என்னா பண்ணுற பானு, கிட்டப் போகாத, போகாத" என்று கத்தியிருக்கிறார். நடுவர் அப்படிக் கத்தக் கூடாது.

"எதுக்கும்மா போன?" என்று கேட்டேன்.

"கூப்பிட்டேன், வர முடியல. கட்டிப் போட்டுட்டாருல்ல. அப்ப நாமதேன போகணும்?"

"தோத்தா அமாவாசை அடியோட போயிருமே. ஒரு அம்பு விட்டிருந்தா ரெண்டு பேரும் பொழச்சிருப்பீங்களே."

"தெரியும். தெரிஞ்சுதேன் போனேன்."

ஆட்டம் எப்படி முடிந்தது என்பது எனக்குத் தெரியும். பதிவில் மீதி இருக்கிறது. ஆனால் எழுதக் கூடாது என்கிறாள். "செயிச்சேன்னு எழுதுனா அடேயப்பாம்பாக. தோத்தேன்னு எழுதுனா அய்யோ பாவம்பாக. ரெண்டுமே எனக்கு வேணாம். நடந்து போனேன்னு எழுதுங்க. அதுதேன் நான் செஞ்சது. மத்ததெல்லாம் ஆட்டம் செஞ்சது."

நான் விடாமல் வாதாடினேன். வாசகருக்கு ஒரு நியாயம் வேண்டாமா, இவ்வளவு தூரம் கூட்டிவந்து நடுவழியில் விடலாமா என்றெல்லாம் கேட்டேன். அவள் அசையவில்லை. இயந்திரத்துக்கு லோடு வந்துவிட்டது என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

ஆகவே, இனி உங்கள் பாடு. மனோஜின் வாள் ஓங்கியபடி இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் காலடி கேட்டு இப்போதுதான் திரும்புகிறான். அமாவாசை சங்கிலியில் கிடந்து இழுத்துக்கொண்டிருக்கிறது. பானு பாதித் தூரம் வந்துவிட்டாள். மீதித் தூரத்தை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். வெட்டு விழட்டும், சங்கிலி அறட்டும், இரண்டும் ஒன்றாக நடக்கட்டும், என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். பின்வாங்கினாள் என்று மட்டும் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் அது வேறு யாரோ ஒருத்தியின் கதை.